எண்ணெய் ஊசி போட்ட ஆறு எலிகள்

ஆராய்ச்சி ஆபீசர் ரகுபதி முதல் எலியின் வயிற்றை அறுத்தான். தட்டை நீட்டிக்கொண்டு பொன்னுரங்கம் நின்றார். திருவொற்றியூர் மருந்து கம்பெனியின் எலி ரூமில் அவருக்கு இருபத்திரண்டு வருஷம். சூலகத்தை எடுத்துவிட்ட எலிக்குக் கர்ப்பப்பை நூலாகச் சுருங்கிவிடும். ஹார்மோன் ஊசி போட்டால் மூன்றே நாளில் ரப்பர் குழாய் மாதிரி ஊதும். இந்த ஆறுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கலக்காத வெறும் எண்ணெய் ஊசிதான். நூலாகத்தான் இருக்கவேண்டும்.

ஊதியிருந்தது.

ரகுபதி இரண்டாவதை அறுத்தான். மூன்றாவதை அறுத்தான். அதுவும் ஊதல்.

"என்னய்யா இது? ஊசி மருந்தை மாத்தி வெச்சிட்டியா?"

"எடுத்ததும் நீ, போட்டதும் நீ. நான் இன்னா சார் பண்ணேன்?"

"அப்போ எப்படியோ ஹார்மோன் உள்ள போயிருக்கு."

"நெசமாவா சார்?"

"கண்ணு இல்ல? பாருய்யா!"

இந்த வார்த்தைக்குத்தான் அவர் காத்திருந்தார். மூன்று மாதத்துக்கு முன் இதே மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்றார். மகள் சிவந்திக்குப் பத்தொன்பது வயது. இதே கம்பெனியில் ஹார்மோன் மாத்திரை பேக்கிங். மாசத்துக்கு மூன்று தரம் உதிரம் போகிறது, மாத்திரைத் தூளாலா என்று கேட்டார். ரகுபதி சிரித்தான். "தூள் பட்டா ஒண்ணும் ஆகாது. கல்யாணம் பண்ணி வை, சரியாயிடும்."

பொன்னுரங்கம் பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து எலிகளுக்குப் பக்கத்தில் போட்டார். மடிப்பெல்லாம் வெள்ளைத் தூள்.

"எம் பொண்ணு வேலைக்குப் போடற சட்டை. சாயங்காலம் இத கூண்டு உமியில உதறுவேன். அஞ்சு நாளுதான் உதறினேன். அவ ரெண்டு வருசமா மாட்டிகினு கீறா. சொல்லு சார், இந்த எலிங்களுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிரலாமா?"

ரகுபதி காதுவரை சிவந்துபோனான்.

"நோட்டுல எழுது. உங்கையால எழுது."

எழுதினான். சோதனை செல்லாது, காரணம் பேக்கிங் தூளில் இருந்த ஹார்மோன். மத்தியானமே பொன்னுரங்கத்துக்கு வேலை போயிற்று.

பத்தாம் நாள் கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றார். உள்ளே ஏணி வைத்துப் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பேக்கிங்குக்கா லூர்து?" என்று டீ குடிக்க வந்த வாட்ச்மேனைக் கேட்டார்.

"எலி ரூமுக்கு நைனா. ரெட்டைக் கதவு வேற போடறாங்கோ. தூள் போவக்கூடாதாம்."

சங்கு ஊதியது. வீட்டில் இனி சிவந்தியின் சம்பளம் ஒன்றுதான். உள்ளே சட்டை உதறக்கூடாதென்று புது உத்தரவு. அவள் கேட்டைத் தாண்டி வந்து, ரோட்டோரம் நின்று, துணிக்கு மேலே மாட்டியிருந்த நீலச் சட்டையைக் கழற்றி உதறினாள். புருவம் இரண்டும் வெள்ளையாக இருந்தது.