நூற்றொன்றுக்கு முன்

அண்ணன் கஸ்பாரின் படகு கரை திரும்ப வேண்டிய வேளை கடந்து ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டில் அம்மா அந்தோணியார் படத்தின் முன் மெழுகுவர்த்தியை அணையவிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னால் இருக்க முடியவில்லை. துறைமுக அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். மெட்ராஸ் கப்பலில் வந்த புதிய கணக்கு இயந்திரம் மேசைமேல் இருந்தது. பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் ஒன்று எழுதி அதைச் சோதிக்கச் சொல்லியிருந்தார் மேலதிகாரி பாலசுப்பிரமணியம்.

முதலில் எழுதியது எல்லா எண்களாலும் வகுத்துப் பார்த்தது. நேரம் தின்றது. இரட்டை எண்களை விட்டேன். வர்க்கமூலத்தோடு தேடலை நிறுத்தினேன். அதற்குள் வகுக்கும் எண் கிடைக்காவிட்டால் அப்பால் தேடுவது வீண். 10201ஐக் கொடுத்தேன். அரை நிமிடத்தில் பகா எண் என்றது.

அப்போதுதான் ஜம்புலிங்கம் உள்ளே வந்தார். அண்ணனைத் தேடிப்போன லாஞ்சை ஓட்டும் சாரங்கு. எதிர் மேசையில் இருந்த பாலசுப்பிரமணியம் சாரிடம் போனார்.

"இருபது மைல் வட்டம் பூரா பார்த்தாச்சு சாப். குச் நஹி, ஒண்ணுமே இல்ல. நாலு மணிக்கு கட்சால் தீவுக்கு லோடு ஏத்தணும். தேடினது போதும்னு சொல்லிடுங்க." என் பக்கம் திரும்பினார். "என்ன பாப்பா, மிஷின் அண்ணனைக் கண்டுபிடிச்சுக் குடுக்குமா?"

சார் என்னைப் பார்த்தார். நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் 10201. மூலத்தைவிடச் சிறிய எண்களை மட்டும்தான் சோதிக்கச் சொல்லியிருந்தேன். மூலமான நூற்றொன்றைச் சோதிக்கவில்லை.

எழுந்து சுவரில் இருந்த கடல் வரைபடத்தின் அருகே போனேன். தேடலின் எல்லையாக ஜம்புலிங்கம் பென்சிலால் போட்ட வட்டக் கோடு மேற்கே ஒரு சின்னத் தீவின் நடுவே ஓடியது.

"இங்கே தேடினீங்களா?" தீவின்மேல் விரலை வைத்தேன்.

"அது கோட்டுமேல இல்ல இருக்கு? உள்ள இருக்கறதெல்லாம் பார்த்தோம்."

"கிட்டப் போனீங்களா?"

"அங்க பாறை ஜாஸ்தி."

"போனீங்களா அண்ணே?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார்.

"ஜம்புலிங்கம்," என்றார் சார்.

"நேத்து காலைல அந்தத் தீவுல புகை தெரிஞ்சுது சாப். காட்டு ஜாரவா ஆளுங்க, அம்பு விடுவாங்கன்னு பயந்து லாஞ்சைத் திருப்பிட்டேன். இன்னிக்குத் தூரத்துலேர்ந்து பார்த்தேன். புகை இல்ல."