ஓரத்தில் மங்கிய படம்

ராச்செஸ்டரில் ஒரு கேமராக் கம்பெனியில் லென்ஸ் சோதிப்பதுதான் என் பிழைப்பு. எவன் செய்த லென்ஸானாலும், அது படத்தை எவ்வளவு கூர்மையாகக் காட்டுகிறது என்று அளந்து நான் எண் போட்ட பிறகுதான் வாசலைத் தாண்டும். அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. இருந்த ஒருவன் வெண்டல் ப்ரோகோப்.

அன்று அவன் செய்த கேமரா என் மேஜைக்கு வந்திருந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் பிடிக்கிற கேமரா. அந்தப் பிஞ்சுகளின் பார்வையைப் பறிக்கிற நோய் விழித்திரையின் ஓரத்தில்தான் தொடங்கும். கேமராவைக் கையோடு வாங்கிப் போக டாக்டர் ஓடெட் மார்ஷான் கொட்டும் பனியில் கார் ஓட்டி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். இது தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவோம், வெண்டலும் வீட்டுக்குப் போகலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

அவன் அளந்து கொண்டுவந்த எண்கள் அபாரம். நடுவிலும் அபாரம், ஓரத்திலும் அபாரம். அதுதான் எனக்கு இடித்தது. எந்த லென்ஸ் ஐயா ஓரத்தில் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொள்ளும்?

என் முன்னால் அளந்து காட்டச் சொன்னேன். நடுவை அளந்தான். ஓரத்துக்குத் திருப்பியதும் அவன் விரல் தானாகப் போய் ஃபோகஸ் திருகைத் தொட்டது. படம் பளிச்சென்று ஆயிற்று. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வருகிற கைப்பழக்கம்தான். ஒவ்வொரு இடத்துக்கும் புதிதாக ஃபோகஸ் செய்துகொண்டே போனால் மட்டமான லென்ஸும் தேறிவிடும்.

"திருகுலேர்ந்து கைய எடு, வெண்டல்," என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போயிற்று. டாக்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஒரு இம்மிதானே தாயே, விட்டுடேன்," என்று முணுமுணுத்தான்.

"அழுற குழந்தை, நீ திருகி முடிக்கிற வரைக்கும் கண்ண ஆட்டாம வச்சிருக்குமா?"

பாவிப்பயல் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிடப் பரிதாபம் அதிகம். நடுவில் ஃபோகஸை வைத்துப் பூட்டிவிட்டு நானே ஓரத்துக்குத் திருப்பினேன். திரையில் சோதனைப் படத்தின் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கலந்து வெறும் சாம்பலாயின. தேற வேண்டிய எண்ணில் பாதிகூட வரவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்து பார்த்தார். தங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது எந்தக் கேமராவும் இல்லை என்றார். பிறகு வெண்டலிடமே கேட்டார்.

"முத்திப்போன நோய் இதுல தெரியும்ல? இதையாவது குடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

அவன் தலையாட்டினால் போதும். கேமராவும் ஆஸ்பத்திரிக்குப் போகும், அவன் வேலையும் தப்பும். நான் அவன் வாயையே பார்த்தேன்.

"முத்தினது தெரியும் டாக்டர்," என்றான். "காப்பாத்தக்கூடியதுதான் தெரியாது."

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, தேறவில்லை என்று அவனே எழுதினான்.