கூட நின்றவர்

தவமணிக்கு முதற்பிள்ளை பிறந்தது 1986 பங்குனியில். கணவன் விநாயகமூர்த்தி கடைசிவரை பிரசவ அறைக்குள்ளேயே நின்றான். ஊரில் ஆண்கள் வார்டு வாசலைத் தாண்டமாட்டார்கள். இங்கே நேர்ஸ் ஒரு பச்சைக் கவுனைக் கொடுத்து அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள்.

அவர்கள் கனடாவுக்கு வந்து அப்போது ஒன்றரை வருடம். மோர்னிங்சைட்டில் ஒற்றை அறை அப்பார்ட்மென்ட். மிசிசாகாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் கடிதங்களையும் படிவங்களையும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். கடதாசியில் இருக்கும் ஆங்கிலம் அவனுக்கு நன்றாக விளங்கும். வாயால் வேகமாகச் சொன்னால் பாதி தப்பிவிடும். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலமே தெரியாத தவமணி அவனை முழுதாக நம்பியிருந்தாள்.

காலை பத்து மணியளவில் நோவு கடுமையானது. உயரமான ஒரு டொக்டர் வந்து, தவமணியை ஒருமுறை பார்த்துவிட்டு, விநாயகமூர்த்தியிடம் பேசத் தொடங்கினார். முதுகெலும்பு, ஊசி, கையெழுத்து என்று மூன்று சொற்கள் அவன் காதில் பிடிபட்டன. கடைசியில் டொக்டர் எதையோ கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். நேர்ஸும் பார்த்தாள். இன்னொருமுறை சொல்லுங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டு, "நோ, நோ. ஷீ இஸ் ஓகே" என்றான். டொக்டர் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

"என்னவாம்?" என்று தவமணி கேட்டாள்.

"ஒண்டுமில்லை. எல்லாம் ஒழுங்காய்ப் போகுதாம்."

"நோவுக்கு ஒண்டும் தரமாட்டினமோ?"

நோவு தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடவா என்றுதான் டொக்டர் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. டொக்டர் இன்னும் வாசலுக்கு வெளியே நின்று நேர்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், முதலில் விளங்காமல் பதில் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

"இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லையாம், தவம். கொஞ்சம் பொறும்" என்றான்.

அவள் பொறுத்தாள். பின்னேரம் ஆறு மணிவரை பொறுத்தாள். கத்தினால் வெள்ளைக்காரர் என்ன நினைப்பார்களோ என்று போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே நின்றான். அவளுடைய நகங்கள் பதிந்து அவன் மணிக்கட்டில் இரத்தம் கசிந்தது. அது தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தான். வாயைத் திறந்து உண்மையை மட்டும் சொல்லவில்லை. மகன் பிறந்ததும், இவ்வளவு நேரம் அசையாமல் நின்ற கணவனைத் தான் கண்டதில்லை என்று நேர்ஸ் அவன் தோளில் தட்டினாள். அந்த ஆங்கிலம் அவனுக்கு நன்றாக விளங்கியது.

மறுநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது தவமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த வார்டில் சாப்பாட்டுத் தட்டு கொண்டுவரும் மக்டலீன் அன்ரி மன்னார்ப் பெண். மத்தியானம் வந்தவர், ஊசி வேண்டாம் என்று ஏன் சொன்னாய் பிள்ளை, நேர்ஸ்மார் உன்னைப் பற்றித்தான் கதைக்கினம் என்று கேட்டிருக்கிறார். தவமணிக்கு ஊசி என்ற ஒன்று இருந்ததே அப்போதுதான் தெரியவந்தது.

"உங்களுக்கு விளங்கேல்லையோ, இல்லாட்டி எனக்குத் தேவையில்லை எண்டு நினைச்சனீங்களோ?" அவள் திரும்பாமலே கேட்டாள்.

அவன் மேசைப் பக்கம் திரும்பினான். கொண்டுவந்த சூப்பைக் கோப்பையில் ஊற்றினான். ஊற்றும்போது கொஞ்சம் மேசையில் சிந்தியது. அதைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வந்தபின் அவனுடைய சிநேகிதன் மகேஸ்வரன் மனைவியோடு பிள்ளை பார்க்க வந்தான். விநாயகமூர்த்தி உள்ளுக்கை நிண்டவனாம், எங்கடை ஆக்களிலை ஆர் அப்படி நிப்பினம் என்று அவர்கள் புகழ்ந்தார்கள். தவமணி தேத்தண்ணி கொடுத்தாள். இல்லை என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவனை அன்றும் காட்டிக்கொடுக்கவில்லை, பிறகும் காட்டிக்கொடுக்கவில்லை. வோபர்னில் சனிக்கிழமைகளில் நடந்த ஆங்கில வகுப்பில் மட்டும் போய்ச் சேர்ந்தாள். அவன் மகனைப் பார்த்துக்கொண்டான்.

1989 ஐப்பசியில் இரண்டாவது பிள்ளைக்குப் போனார்கள். வேறு ஆஸ்பத்திரி, வேறு டொக்டர். இந்தமுறை வந்தது ஒரு பெண். அவளும் கட்டிலைத் தாண்டி வந்து அவனிடம்தான் பேசத் தொடங்கினாள். விநாயகமூர்த்திக்குக் காது சூடேறியது. அவன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். எனக்கு வேகமாகப் பேசினால் விளங்காது, இவவிடம் கேளுங்கள், ஆறுதலாகக் கேளுங்கள் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுத் தவமணிக்கு எதிரே இருந்தாள். தவமணி இரண்டு கேள்வி கேட்டாள், பதிலைக் கேட்டாள், ஓம் என்றாள். பேனையை வாங்கித் தானே கையெழுத்து வைத்தாள்.

ஊசி போடும்போது அவளைக் கட்டில் விளிம்பில் குனிந்திருக்கச் சொன்னார்கள். முன்னால் நின்று தோள்களைப் பிடித்துக்கொள்வது அவன் வேலை. அவள் நெற்றி அவன் நெஞ்சில் முட்டியிருந்தது. அசையாதையும், முடிஞ்சுது, முடிஞ்சுது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கால்மணி நேரத்தில் அவளுடைய முகம் இளகியது. இறுக்கிய கைகள் விரிந்தன. பக்கத்தில் இருந்த மெசினில் நோவு ஏறி இறங்கும் கோடு மலைபோல் எழுந்தது. அவளோ கண்ணை மூடி நித்திரையாகிவிட்டாள். விநாயகமூர்த்தி அந்தக் கோட்டையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். முதல்முறை எட்டு மணித்தியாலம் தான் அவளுக்கு இல்லாமல் செய்தது எது என்று அவன் கண்ணால் கண்டது அன்றுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவள் கண் விழித்தபோதும் அவன் முகம் காயவில்லை.

"அண்டைக்கு எனக்கு விளங்கேல்லை, தவம். பிறகு விளங்கினது. வெக்கத்திலை பொய் சொன்னனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமோ ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லவேணும் எண்டு மூண்டரை வருசம் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள் தவமணி. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு மகள் பிறந்தாள். நேர்ஸ் குழந்தையைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்காமல், முதலில் தாயிடம் கொடுக்கச் சொன்னான்.