இன்னொரு தடவை கேட்டிருந்தால்

கோபன்ஹேகனில் இருக்கிற வட்டக் கோபுரத்துக்குப் படிகள் கிடையாது. குதிரையே ஏறிவிடலாம் என்கிற மாதிரி ஒரு சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே போகிறது. ஃபின்டன் மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டார். நின்றதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, சுவரைத் தடவிப் பார்த்தார்.

“சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்கான் பாரு, ப்ரீடா. நம்ம மாட்டுக் கொட்டகைக்கு இவனைக் கூப்பிட்டிருக்கலாம்.”

“ஆமா, கோபன்ஹேகன்லேர்ந்து ப்ளேன் ஏறி வந்து உன் கொட்டகைக்கு வெள்ளையடிப்பான். ஆசையைப் பாரு!” என்றாள் அவர் மனைவி. அவளும் சுவரைப் பார்த்தாள். அவருக்கு மூச்சு சீராகும்வரை இருவரும் பார்த்தார்கள். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

அயர்லாந்தின் மேயோவில் வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர் அவர். பூசணம் பிடித்த வைக்கோலை உதறி உதறி, தூசு அவர் நுரையீரலில் குடியேறிவிட்டது. இந்த ஒரு பயணத்தோடு சரி, இனி விமானம் என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த கிறிஸ்துமஸைப் பற்றி ப்ரீடா கேட்டதற்கு டாக்டர் பேச்சை மாற்றினார். காரில் ஏறியதுமே ஃபின்டன் கண்டிப்பாகச் சொன்னார்: “டோனலுக்கு இது தெரியக் கூடாது. பரிதாபப்பட்டு அவன் ஒண்ணும் என்னைப் பாக்க வேணாம். சத்தியம் பண்ணு.” அவளும் பண்ணினாள். வேறென்ன செய்வாள்?

நாற்பதாவது கல்யாண நாள், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் அவர்களுடைய ஒரே மகன் டோனல் இந்த ஊரில்தான் இருந்தான். அவனுக்கு நான்கு வயதில் அஸ்டா என்று ஒரு மகள். அந்தக் குழந்தையை ஃபின்டன் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். ப்ரீடா டிக்கெட் போட்டது அதற்குத்தான், அவர் கிளம்பி வந்ததும் அதற்குத்தான். ஆனால் அதைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

சண்டை ஒரு சாவில் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராதவனை நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவோம். சாவுக்கு வராதவனை மறக்க மாட்டோம். ஃபின்டனின் அப்பா இறந்தபோது அஸ்டா இன்றோ நாளையோ பிறக்கிற நிலைமை. மூன்றாம் நாள் அடக்கம் முடிந்துவிட்டது, டோனல் வரவில்லை. அன்று ஃபின்டன் தொலைபேசியில் கத்தினார்: “மழையில நனைஞ்சுக்கிட்டு ஊரே வந்துச்சு. நீ வரல. இனிமேலும் வராதே.” பக்கத்தில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த ப்ரீடா தொலைபேசியைப் பிடுங்கிப் பேசியிருக்கலாம். தட்டைத்தான் துடைத்தாள். சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக அவனும் அதற்கப்புறம் வரவே இல்லை.

இப்போதும் அவன் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கடைசி நாள் காலையில் ஒரு காப்பிக் கடையில் பார்க்கலாம் என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். அதுவரை இரண்டு நாளை ஓட்ட வேண்டும். அரண்மனைக் காவலர்கள் கரடித்தோல் தொப்பியோடு முறை மாறுவதைப் பார்த்தார்கள். சைக்கிள்காரர்களிடம் திட்டு வாங்கினார்கள். ஒற்றை ரொட்டிமேல் மீனும் வெங்காயமும் வைத்துக் கொண்டுவந்தபோது ஃபின்டன் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “மேல மூடுற ரொட்டியை மறந்துட்டியேம்மா,” என்றார். அவள் சிரிக்கவில்லை. கடை வாசல்களில் தள்ளுவண்டிகளை நிறுத்தி, குளிரிலேயே குழந்தைகளைத் தூங்கவிட்டுத் தாய்மார்கள் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ப்ரீடா ஒரு வண்டி விடாமல் எட்டிப் பார்த்தாள்.

“போலீஸைக் கூப்பிடப் போறாங்க. அவளுக்கு நாலு வயசு, இன்னும் தொட்டில்லயா கிடப்பா?” என்றார் ஃபின்டன். பேத்தியைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசி நாள் காலை விடுதிக் குளியலறையில் ஃபின்டன் மூச்சு மருந்தை உறிஞ்சிவிட்டு, டை கட்டிக்கொண்டு வந்தார். காப்பிக் கடையில் பார்த்தபோது டோனல் கொஞ்சம் சதை போட்டிருந்தான். அப்பாவுக்குக் கை கொடுத்தான், அம்மாவுக்குக் கன்னத்தைக் காட்டினான். கூடவே அவன் மனைவி ரிக்காவும் வந்திருந்தாள். நெட்டையான பெண், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். குழந்தை பள்ளிக்குப் போயிருந்தது.

ப்ரீடா செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த ஊர்ப் பன்றிக்கறிப் பொட்டலத்தை நீட்டினாள்.

“நன்றி, ப்ரீடா. ஆனா நாங்க கறி சாப்பிடறதில்ல,” என்றாள் ரிக்கா. “வேற யாருக்காவது குடுத்துடவா?”

மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கொடுத்ததை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றதும் ப்ரீடாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவளைப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணிடம் பாசாங்கே இல்லை.

ஃபின்டன்தான் ஆச்சரியப்படுத்தினார். இருமல் வரும்போதெல்லாம் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு, காளை ஒன்று பாதிரியார் தோட்டத்துக்குள் புகுந்து அவருடைய உள்ளாடையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போன கதையைச் சொன்னார். டோனல் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. ரிக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா? அஸ்டாவும் இருப்பா.”

ப்ரீடாவின் நெஞ்சு துள்ளி எழுந்தது. வாய் சொன்னது வேறு: “ஐயோ வேணாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“ஆமாமா, அதெல்லாம் வேணாம்,” என்றார் ஃபின்டனும். “காலையிலயே வயிறு முட்டத் தின்னாச்சு.”

“சரி. உங்க விருப்பம்,” என்றாள் ரிக்கா. கோபமில்லாமல் சிரித்தபடி கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் முதல் வேண்டாமுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கோப்பை தேநீருக்குக்கூட மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவையிலேயே சரி என்கிறவன் காய்ந்துகிடந்தவன், இரண்டாம் தடவை கேட்காதவன் கஞ்சன். ரிக்காவுக்கு இது தெரிய நியாயமில்லை. அவள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் டோனல்? அடுத்த வீட்டில் கேக்கை முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டதற்கு அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கியவன்தானே? ப்ரீடா அவனைப் பார்த்தாள். சொல்லுடா, ‘சும்மா வாங்கம்மா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லு. அவனும் அவளைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான்.

“நாளைக்குக் காலையில ப்ளேன் இல்ல? நீங்க சீக்கிரம் படுத்துடுங்க,” என்று எழுந்தான்.

கால்வாய் ஓரம் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அடக்கி வைத்த இருமலையெல்லாம் ஃபின்டன் அங்கே இருமித் தீர்த்தார். முகம் நீலம் பாரித்துப் பிறகு தெளிந்தது.

“ஒரு தடவைதானே கேட்டா?”

“ஒரு தடவைதான்.”

“அந்தப் பொண்ணுக்கு நம்ம வழக்கம் தெரியாது, பாவம். இவனும் மறந்திருப்பான். இங்க வந்து எத்தனை வருஷம்!”

ஒரு சுற்றுலாப் படகு போயிற்று, அதிலிருந்த யாரோ கையசைத்தார்கள். ஃபின்டன் பதிலுக்குக் கையசைத்தார்.

“போன் பண்ணேன்,” என்றார். “வர்றோம்னு சொல்லு.”

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன் அவர். தன் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கக்கூட ஆள் வேண்டும் என்று கேட்கவில்லை, தானாக வந்தார்கள். அந்த வாயால் இப்படிக் கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று ப்ரீடாவுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் படகுச் சீட்டு விற்கிற கூண்டுப் பக்கம் தள்ளிப் போய் நின்று அழைத்தாள்.

“டோனல், நாங்க யோசிச்சுப் பாத்தோம்டா. ராத்திரி எங்களுக்கு வேற வேலை ஒண்ணுமில்ல.”

“அம்மா, நீங்கதானே வேணாம்னீங்க?”

“அது சும்மா சொல்றதுடா. உனக்குத் தெரியாதா?”

அந்தப் பக்கம் சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது.

“தெரியும்மா. தெரிஞ்சுதான் இன்னொரு தடவை கேக்கல.”

ப்ரீடாவுக்குக் கோபம்கூட வரவில்லை. தட்டுத் துடைத்தவளுக்குக் கோபப்பட என்ன உரிமை?

“அப்பாவுக்கு உடம்பு…” என்று ஆரம்பித்தாள்.

“காலையில நல்லாத்தானே இருந்தாரு? காளைக் கதை எல்லாம் சொன்னாரே.” பிறகு குரல் மாறியது, பழைய டோனலின் குரல். “அம்மா? அப்பாவுக்கு என்ன? பெரிசா ஏதாவதா?”

திரும்பிப் பார்த்தாள். ஃபின்டன் பெஞ்சிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் நெஞ்சை அழுத்தியது. அதைவிடப் பழையது, பிறந்ததிலிருந்து நாக்கில் ஊறியது, முந்திக்கொண்டது.

“சேச்சே, பெரிசா ஒண்ணுமில்லப்பா. நீ கவலைப்படாதே.”

சொன்னதை அவளே காதால் கேட்டாள். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். கேளுடா. ‘நிஜமாவா அம்மா?’ என்று கேள். இந்தத் தடவை கேட்டால் சத்தியமாவது மண்ணாவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

“சரிம்மா,” என்றான் டோனல். “பத்திரமா ஊர் போய்ச் சேருங்க.”

அவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். ஃபின்டன் அதற்குள் எழுந்து நின்று, தலைமுடியைக் கையால் படியவைத்து, டையை நேராக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனை மணிக்கு வரச் சொன்னான்?”

“இல்லய்யா,” என்றாள் ப்ரீடா. “வர வேணாமாம்.”

அவர் மறுபடி கேட்கவில்லை. உட்கார்ந்து டையை மெதுவாக அவிழ்த்து, மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.