திறந்துவிட்ட வால்வு

படாளத்துக்கு அருகே, ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு தனியார் சப்ஸ்டேஷனில் ஜெஸ்ஸி பராமரிப்புப் பொறியாளராக இருந்தாள். சொந்த ஊர் நாகர்கோவில். கணவன் அபிஷேக்குக்கு சிறுசேரியில் வேலை என்பதால் குடியிருப்பு படூரில். தினமும் கம்பெனி வேன் கேளம்பாக்கம், வண்டலூர் என்று சுற்றிக்கொண்டு அவளைக் கொண்டுவந்து இறக்கும்.

கம்பெனி, சூரியமின் பண்ணைகளிலிருந்து வரும் மின்சாரத்தைத் தொழிற்சாலைகளுக்குக் கடத்தித் தரும் கம்பெனி. அதனால் எல்லாவற்றின் மேலும் 'பசுமை' என்று எழுதி வைத்திருந்தார்கள். வாசல் பலகையில், வேனின் முதுகில், கேன்டீன் தண்ணீர்க் குடத்தில், கழிவறைக் கதவில். ஜெஸ்ஸி ஆரம்பத்தில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். ஆனால் அந்த வருஷம் கம்பெனி ஒரு உறுதிமொழியில் சேர்ந்தபோது அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

விஷயம் ஒரு வாயுவைப் பற்றியது. லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தைச் சட்டென்று துண்டிக்கும் பிரேக்கர் பெட்டிகளுக்குள் அதை அடைத்து வைத்திருப்பார்கள். எஸ்.எஃப். சிக்ஸ் என்று பெயர். நிறமில்லை. புதிதாக இருக்கும்போது வாசனையும் இல்லை. ஆனால் ஒரு கிலோ வெளியே போனால் இருபது டன்னுக்கும் மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். போனது ஆயிரம் வருஷமானாலும் மேலேயே கிடந்து பூமியைச் சூடாக்கும். அதைக் கசியவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு இந்த வாயுவே தேவைப்படாத புதிய பெட்டிகளை வைக்கிறோம் என்று நாட்டின் சில மின் கம்பெனிகள் தாமாகவே முன்வந்து கையெழுத்திட்டிருந்தன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஜெஸ்ஸியின் கம்பெனியும் கையெழுத்திட்டது.

அதனால்தான் அவள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வண்டி வந்தது. பிரேக்கருக்குள் இருக்கும் வாயுவை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும் இயந்திரம் அது. நாலு சக்கரம் வைத்து, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். வந்த அன்று ஜெஸ்ஸி வீட்டுக்குப் போய் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கம்ப்ரஸரைப் பற்றி இப்படிப் பேசுகிற பெண்டாட்டி தனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறாள் என்று அபிஷேக் கேலி செய்தான்.

சப்ஸ்டேஷனில் மூன்று பழைய பெட்டிகள் இருந்தன. அவற்றைக் கழற்ற வேண்டுமானால் லைனை நிறுத்த வேண்டும். அதற்கு மேலிடத்து அனுமதி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. அதே ஞாயிறு மாமல்லபுரத்துக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் இந்த உறுதிமொழிக் கம்பெனிகளின் இரண்டு நாள் மாநாடும் இருந்தது. மறுநாள் காலையில் நடுவர்கள் நேரில் வந்து புதிய பெட்டிகளைப் பார்ப்பதாகவும், மாலையில் சிறந்த கம்பெனிக்கு விருது கொடுப்பதாகவும் ஏற்பாடு.

பொது மேலாளர் ராமானுஜம் அந்த வண்டியை மாநாட்டு ஸ்டாலில் நிறுத்த வேண்டும் என்றார். பெட்டிகளைக் கழற்ற அது வேண்டுமே என்று ஜெஸ்ஸி சொன்னாள். மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குப் பிறகு கழற்ற ஆரம்பித்தால் போதும் என்றார். வண்டி எப்படி வேலை செய்கிறது என்று வருகிறவர்களுக்கு விளக்க அவளும் வர வேண்டும் என்றார். அவர் எப்போதும் மெதுவாக, மரியாதையாகப் பேசுகிறவர். ஜெஸ்ஸி ஒப்புக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஸ்டாலுக்குப் போனபோது வண்டிக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். குழாய் மாட்டுகிற வாயில் ஒரு ரோஜாக் கொத்து செருகியிருந்தது. விளம்பரப் பிரிவு ரோஹித் பச்சை விளக்கு ஒன்றை அதன் மேல் படுகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். ஜெஸ்ஸி ரோஜாவைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். தூசி உள்ளே போனால் வால்வு கெட்டுவிடும் என்றாள். அவன் ஃபோட்டோ எடுத்த பிறகு பிடுங்கியிருக்கலாமே என்றான்.

அரங்கத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவுகள் கடலைப் பார்த்து விரியத் திறந்து கிடந்தன. மேடையில் பேசியவர்கள் ஒருவரை ஒருவர் புகழ்ந்தார்கள். இளநீரின் மேல் கம்பெனிகளின் முத்திரையைக் குத்தி வைத்திருந்தார்கள். மதியம் ஆயிற்று. வண்டியைக் கேட்டதற்கு, அமைச்சகத்திலிருந்து ஒருவர் வரப்போகிறார், அவர் பார்த்துவிடட்டும் என்று ரோஹித் சொன்னான்.

அப்போதுதான் அப்துல் சுபஹான் போன் செய்தார். செங்கல்பட்டில் மின்வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவர். பெட்டிகளைக் கழற்றும் வேலை அவரிடம்தான் இருந்தது.

"மேடம், ரெண்டு பொட்டிய தொறந்து வுட்டாச்சு. மூணாவது மிச்சம் கீது," என்றார்.

ஜெஸ்ஸிக்கு முதலில் புரியவில்லை. எங்கே திறந்து விட்டீர்கள் என்று கேட்டாள்.

"காத்துலதான் மேடம். சாயங்காலத்துக்குள்ள லைனு ஏத்தணுமாம். வண்டிக்கு வெயிட் பண்ணாத, வால்வத் தொறந்துடுன்னு பெரியவரு சொல்ட்டாரு. நம்ம ஆளு பிரபா வாந்தி எடுத்துகினு கீறான். எனக்கு மனசு ஒப்பல, அதான் உங்களுக்கு அடிச்சேன்."

மூன்றாவதைத் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ராமானுஜத்தைத் தேடிப் போனாள். அவர் மேடைக்குப் பக்கத்தில் பேச்சுக்குத் தயாராக நின்றிருந்தார். சுபஹான் சொன்னதைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. முகம்கூட மாறவில்லை. அவளைக் கொஞ்சம் ஓரமாக அழைத்துப் போனார்.

"ஜெஸ்ஸி, காத்துல போனது யார் கண்ணுக்கும் தெரியாது. ஸ்டால்ல வண்டி இல்லேன்னா எல்லார் கண்ணுக்கும் தெரியும். நாளைக்கு நடுவர்கள் வரும்போது புதுப் பெட்டி நிக்கணும். அதுதான் முக்கியம்," என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவர் பெயரை அழைத்தார்கள். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நாம் சுவாசிக்கிற காற்றுக்கு நாம்தான் காவல் என்று அவர் ஆரம்பித்தார். அந்த மனிதரின் வாயை அவளால் பார்க்க முடியவில்லை. பொய் சொல்கிறவர்களை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். சொல்லும்போது ஏதாவது ஒன்று அவர்களைக் காட்டிக்கொடுக்கும். இவரிடம் அப்படி ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவரைப் போலத் தெம்பாகப் பேசினார்.

அவள் ஸ்டாலுக்கு வந்தாள். வண்டியின் பிரேக்கை விடுவித்து அதைத் தள்ள ஆரம்பித்தாள். ரோஹித் ஓடிவந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. கார்ப்பெட்டில் சக்கரம் மாட்டிக்கொண்டபோது அடுத்த ஸ்டாலில் இருந்த இரண்டு பேர், ஏற்பாடு என்று நினைத்து, கை கொடுத்தார்கள்.

குட்டி யானை லோடு வண்டியோடு டிரைவர் மணி பார்க்கிங்கில் தூங்கிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்தார். "ஜிஎம் சாரு இன்னா சொல்வாரோ மேடம்," என்றார். அவர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஜெஸ்ஸி சொன்னாள். இருவரும் பலகையைச் சாய்த்து ஏற்றினார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போனார்கள். பின்னால் சாமந்தி மாலை காற்றில் பிய்ந்து ரோட்டில் உதிர்ந்துகொண்டே வந்தது. ராமானுஜம் விடாமல் அழைத்தார். அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். செங்கல்பட்டில் ரயில்வே பாலத்துக்குக் கீழே நெரிசலில் நின்றபோது, இந்த நேரத்தில் மூன்றாவதையும் திறந்திருப்பார்கள் என்று தோன்றியது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி, சுபஹான் பாய் சொன்னால் சொன்னபடி நிற்கிறவர் என்று தானாகவே சொன்னார்.

சப்ஸ்டேஷன் கேட்டைத் திறந்ததும் நாற்றம் வந்தது. அழுகின முட்டை நாற்றம். வருஷக்கணக்காக மின்பொறியில் வெந்த வாயு கெட்டுப்போய் இப்படித்தான் நாறும். புத்தகத்தில் படித்திருந்தாளே ஒழிய, மூக்கில் ஏறுவது அதுவே முதல் தடவை. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில், கேபிள் கால்வாயில், மூலைகளில் அது தேங்கிக் கிடந்தது. கழற்றிப் போட்ட இரண்டு பெட்டிகளும் வாய் பிளந்து கிடந்தன. உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. அதுவும் விஷம்தான்.

குழாயடியில் பிரபா குந்தியிருந்தான். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. கையில் உறை இல்லை. விரல்களிலும் புருவத்திலும் அந்தப் பொடி. ஜெஸ்ஸி அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். பிறகு மணியோடு செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினாள். எந்த வாயு, எந்தப் பொடி என்று டாக்டருக்குப் புரிகிற மாதிரி மணியின் போனில் டைப் செய்து கொடுத்தாள்.

மூன்றாவது பெட்டி மூடியபடியே நின்றது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சுபஹான் ஆட்களை வெளியே அனுப்பியிருந்தார். பிறகு ஸ்பானரைக் காணவில்லை என்று நேரத்தைக் கடத்தியிருக்கிறார். ஸ்பானர் அவர் இடுப்பிலேயே இருந்தது.

அவளும் சுபஹானும் குழாயை மாட்டினார்கள். வண்டி உறும ஆரம்பித்தது. ஜெஸ்ஸி முகமூடிக்குள் வியர்வை வழிய, மீட்டரின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயு சிலிண்டருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. பக்கத்தில் வாய் பிளந்து கிடந்த இரண்டும்தான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன.

வேலை முடியும் சமயத்தில் ரோஹித் கம்பெனி காரில் வந்து இறங்கினான். தன்னைத் தடுக்க ராமானுஜம் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து அவள் நிமிர்ந்து நின்றாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். போனை எடுத்தான். முகமூடியும் வியர்வையுமாக அவள் வண்டியோடு நிற்பதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் படம் எடுத்தான். கழற்றிக் கிடந்த பெட்டிகள் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டான். சார் எடுத்து வரச் சொன்னார் என்றான்.

புதிய பெட்டிகளை இரவோடிரவாக நிறுத்தி முடித்தார்கள். மறுநாள் காலை நடுவர்கள் வந்தார்கள். தலைமை நடுவர் அமிர்தவல்லி, மின்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிய பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். ஜெஸ்ஸி நேற்று மாநாட்டைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்து வாயுவை மீட்டாள் என்று ராமானுஜம் எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொன்னார். அவள் வாய் திறப்பாள் என்று அவருக்குத் தோன்றவேயில்லையா, அல்லது திறந்தாலும் ஒன்றும் ஆகாது என்று தெரிந்திருந்ததா என்பது அவளுக்கு விளங்கவில்லை.

"மேடம், நான் மீட்டது ஒண்ணுதான். மத்த ரெண்டையும் நேத்து காத்துல திறந்து விட்டாங்க. வேலை செஞ்சவரு ஆஸ்பத்திரில இருக்கார். உங்களுக்கு இப்பவும் அந்த நாத்தம் தெரியலையா?" என்று கேட்டாள்.

கூட வந்த நடுவர் ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். அமிர்தவல்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்றம் அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. இறங்கியதிலிருந்து புடவைத் தலைப்பு மூக்கின் மேலேயே இருந்தது.

"இது அவங்களா விரும்பிச் செய்யறதும்மா," என்றார். "அவங்க செஞ்சோம்னு சொல்றதை நாங்க பாராட்டலாம். செய்யாததைக் கேக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்ல. கெடுபிடி பண்ணினா அடுத்த வருஷம் ஒரு கம்பெனியும் சேராது. மூணுல ஒண்ணாவது மிஞ்சிச்சே, அதை நினைச்சுக்கோ."

சொல்லும்போது அவர் குரலில் கனிவு இருந்தது. ஜெஸ்ஸிக்கு அந்தக் கனிவுதான் பிடிக்கவில்லை. கேன்டீனில் அவர்களுக்குப் பொங்கலும் வடையும் வைத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை கம்பெனிக்கு விருது கொடுக்கப்பட்டது. ஜெஸ்ஸி போகவில்லை. மேடைத் திரையில் ரோஹித் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டதாக அபிஷேக்கின் நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அனுப்பி வாழ்த்துச் சொன்னான். தன் முகத்தைப் பார்த்ததும் அவள் போனைச் சோபாவில் வீசினாள். வேலையை விட்டுவிடு என்று அபிஷேக் சொன்னான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்கு இன்னொரு சப்ஸ்டேஷன் இருந்தது. அங்கேயும் பழைய பெட்டிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. தான் போய்விட்டால் அவற்றை எப்படிக் கழற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிரபா இரண்டு நாளில் வீடு திரும்பினான். இருமல் நிற்கவில்லை. இனி இந்தக் கம்பெனி வாசலை மிதிப்பதில்லை என்று சுபஹானிடம் சொல்லிவிட்டான். சுபஹான் அவனை வீட்டு வயரிங் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் ஜெஸ்ஸி ராமானுஜத்தின் அறைக்குப் போனாள். வண்டியின் சாவி இனி தன்னிடம்தான் இருக்க வேண்டும், தான் இல்லாமல் எந்தப் பெட்டியையும் யாரும் தொடக் கூடாது, அந்தப் படத்தை எங்கும் போடக் கூடாது என்றாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள்.

ராமானுஜம் சாவியை எடுத்து நீட்டினார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தாராளமா வெச்சுக்கோங்க. அடுத்த வருஷ விருதுக்கும் கம்பெனி பேரைக் குடுத்திருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா நமக்குத்தானே நல்லது," என்றார்.

அவள் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். குழாயடியில் போய் நின்று காறித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் துப்பினாள். பிறகு சுபஹானுக்குப் போன் செய்து, மதுராந்தகத்து வேலைக்கு எந்தத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள்.