முத்தப்பர் ஊருக்குள் வந்த விதம்

முத்தப்பன்பாளையம் என்று ஊருக்குப் பேர் இருந்ததால் முத்தப்பன் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டும். மைசூர் ராஜ்யத்தில் லிங்கராஜபுரத்துக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன ஊரில் அவரைப் பற்றி வேறெதுவும் யாருக்கும் தெரியாது. சரித்திரம் எழுத அதுவே வசதி என்று நினைத்தார் தபாலாபீஸ் குமாஸ்தா தியோடர்.

அவர் ஊர்ச் சரித்திரக் கழகத்தின் காரியதரிசி. 1957ல் கழகம் முதன்முதலாக ஊர் நாள் கொண்டாடியபோது, முத்தப்பர் வெள்ளைப் புரவியில் வந்து ஊரை நிறுவியதாக அவர் ஒரு நாடகம் எழுதினார். கழகத் தலைவர் சுந்தரராமன் மைசூர் சர்க்காரில் ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆதாரம் கேட்டே பழகியவர்.

"குதிரைக்கு என்னங்காணும் அத்தாட்சி?"

"குதிரை இல்லாட்டி ஊர்வலம் எடுபடாது சார்."

"அதுவும் வாஸ்தவம்தான்," என்று சுந்தரராமன் ஒப்புக்கொண்டார்.

முத்தப்பர் வேஷத்துக்கு மில் தொழிலாளி மைக்கேல்ராஜைப் போடலாம் என்றார்கள். ஆறடி உயரம், முறுக்கு மீசை. தியோடர் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். மீசை வைத்துப் பார்த்து வராமல் விட்டவர். ஆனாலும் முத்தப்பரின் உள்ளம் எழுதியவனுக்குத்தான் தெரியும் என்று அரை மணி நேரம் பேசினார். கமிட்டிக்குப் பசி வந்துவிட்டது. சரி என்றார்கள்.

குதிரை கொடுத்தவர் ஜட்கா ஓட்டும் முனிகிருஷ்ணன். அது செவலை நிறம். தியோடர் நாடகத்தில் 'வெள்ளை'யை அடித்துவிட்டு 'செவலை' என்று எழுதினார். சரித்திரம் இவ்வளவு இணக்கமாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

ஊர் நாளன்று சாயங்காலம், வாடகைக் கிரீடமும் ஒட்டுத் தாடியுமாக அவரை இருவர் தூக்கிக் குதிரைமேல் வைத்தார்கள். மனைவி சரளா கீழிருந்து பார்த்து, "கெட்டியா பிடிச்சிக்கோங்க," என்றாள். வீரனிடம் சொல்கிற பேச்சா அது என்று அவருக்குக் கோபம் வந்தது. பேண்டு முழங்க ஊர்வலம் கிளம்பியது. கடிவாளத்தைப் பிடித்து நடந்த முனிகிருஷ்ணன் பீடி பற்றவைக்க ஒரு நிமிஷம் கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் மெட்ராஸ் ரயில் விசில் ஊதியது.

குதிரை காதை நிமிர்த்தியது, திரும்பியது, ஓடியது. தியோடர் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நிற்கச் சொன்னார். பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பரமண்டல ஜெபம் சொன்னார். ஈஸ்ட் ஸ்டேஷன் வாசலில், ஜட்காக்கள் நிற்கும் வரிசையில் போய் ஒழுங்காக நின்றது குதிரை.

முனிகிருஷ்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அது மேல தப்பில்ல சார். வண்டி விசில் கேட்டா ஸ்டேஷனுக்கு வந்துடும். டெய்லி பழக்கம்."

"இத முன்னாடியே சொல்லக்கூடாதாப்பா?"

"குதிரை ஓட்டத் தெரியும்னு நீங்கதான சார் சொன்னீங்க!"

அது உண்மை. கமிட்டியில் அப்படியும் ஒன்று சொல்லியிருந்தார்.

அதற்குள் ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் அவர்களை நெருங்கியது. வெங்கடசாமி என்றார் அந்த மனிதர். வேலை தேடி ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வருகிறார்கள். மனைவி சந்திரம்மா இடுப்பில் ஒரு குழந்தை வைத்திருந்தாள், கையில் ஒரு தகரப் பெட்டி. அவர் தோளில் படுக்கைச் சுருள். கிரீடத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார் வெங்கடசாமி:

"ஐயா, முத்தப்பன்பாளையம் எந்தப் பக்கம்? எங்க மச்சான் அங்க இருக்கான்."

வழி சொல்லி அனுப்பிவிட்டுக் குதிரைமேல் கம்பீரமாகத் திரும்பலாம் என்று தியோடருக்கு ஒரு நப்பாசை. ஆனால் உட்கார்ந்த இடம் எரிந்தது. இறங்கிவிட்டார். பெட்டியையும் படுக்கையையும் குதிரைமேல் ஏற்றச் சொன்னார். சந்திரம்மாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் அவளையும் குழந்தையையும் ஏற்றி, முனிகிருஷ்ணனிடம் கடிவாளத்தைக் கொடுத்தார். வெங்கடசாமி பின்தங்கி ஒரு கடையில் குழந்தைக்கு பன் வாங்கப் போக, தியோடர் முன்னால் நடந்தார்.

ஊர் எல்லையில் காத்திருந்த கூட்டம் ஆரவாரித்தது. சுந்தரராமன் சமயோசிதமாக மைக்கைப் பிடித்தார்: "இதோ, முத்தப்பர் சகுடும்பமாக எழுந்தருளுகிறார்!"

சரளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "யாருங்க இது?"

தியோடர் பாதித் தாடி தொங்க, வசனத்தை மறந்து நின்றார். "ஸ்டேஷன்ல கிடைச்சாங்க," என்றார். மைக் அதை ஊர் முழுக்கச் சொன்னது. சிரிப்பு அடங்குவதற்குள் வெங்கடசாமி பன்னோடு வந்து சேர்ந்ததால் தியோடரின் குடும்பம் தப்பியது. மச்சானும் கூட்டத்திலிருந்து ஓடி வந்தான். சரளாதான் அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை தபாலாபீஸில் ஒருவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "முத்தப்பரே, ரெண்டு கார்டு குடுங்க."

தியோடர் முறைத்தார். புதன்கிழமைக்குள் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். எப்படியோ, ஊரில் எல்லாருக்கும் இப்போது முத்தப்பரைத் தெரியும் என்று கழகத்தின் மார்ச் மாத அறிக்கையில் எழுதினார். சுந்தரராமன் அதற்கு மட்டும் அத்தாட்சி கேட்கவில்லை.