சின்னவளின் கவுன்

...நாளைக்குத்தான் மறியல் என்று சொன்னவர்கள் இன்றைக்கே புளியமரத்தை வெட்டிச் சாலையில் கிடத்திவிட்டார்கள், உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் பஸ் நின்று ஒரு மணி நேரமாகிறது, இடஒதுக்கீடு வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது, ஆனால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் நாளைக் காலை சந்தியாவுக்கு ஆபரேஷன், ஒன்பது வயதுப் பிள்ளையின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக் கட்டி, அது மறியல் முடியட்டும் என்று காத்திருக்குமா? அம்சவள்ளி மடியில் சாய்ந்திருந்த மகளின் தலையைத் தடவினாள். பெரிய தலை. கல்வராயன் மலைத் தண்ணீரால் வந்த கட்டி என்று கச்சிராயபாளையமே சொன்னது, அவளும் நம்பினாள், பாண்டிச்சேரி டாக்டர் மட்டும் கழுத்தைத் தொட்டுப் பார்த்த கையோடு டேப்பை எடுத்துத் தலையை அளந்தார், ஈறைப் பார்த்தார், புருஷன் காசிநாதனின் தலையையும் விடவில்லை. “எங்க வம்சத்துத் தலைங்க, மூளை ஜாஸ்தி” என்று இந்த மனுஷன் பெருமை பேசினான், பாவம், நோய்க்கு அதுதான் அடையாளமென்று அவனுக்கு எப்படித் தெரியும்? குடும்ப வழியாக இறங்குகிற கட்டிகளாம், பிள்ளைகளுக்குக் கழுத்தில் வரலாமாம், முன்னாலேயே பார்த்துவிட்டால் பயமில்லையாம்... “சின்னப் பொண்ணுக்கும் தலை பெருசாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க. அவ எங்கம்மா வூட்டு ஜாடைங்க.”

பொய்யா சொன்னாள்? இல்லையே... அருள்மொழிக்கு நாலு வயசு, மூக்கும் நிறமும் அப்படியே இவளுடையது, ஒன்றாவது என் பிள்ளையாக, நல்லபடியாக இருக்கட்டுமே என்று வாய் முந்திக்கொண்டது, அவளை டாக்டரிடம் காட்ட வேண்டியதில்லையென்று நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்ததும் அதனால்தான். காசிநாதன் மரம் வரைக்கும் போய்விட்டு வந்தான். “அந்தாண்ட வேற பஸ்ஸு நிக்குதாம், நடந்துக்கினே பூடலாம். எறங்கு.” அவள் பையை இழுக்க, மேலே மடித்து வைத்திருந்த தீபாவளிக் கவுன் நழுவியது, சின்னவளுக்குத் தைத்தது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கொக்கி வைக்கலாமென்று எடுத்து வந்திருந்தாள்.

சந்தியா அதை எடுத்து விரித்துப் பார்த்தாள். “ஏம்மா, பாப்பாவுக்கும் என்னுது மாதிரியே பின்னாடி பெருசா தொறந்து வச்சிருக்கியே?”

அம்சவள்ளி கையை வைத்துப் பார்த்தாள். ஊரில் அவள் தைத்துக் கொடுக்கிற மற்ற பிள்ளைகளுக்கு நாலு விரல் திறப்பு போதும், சந்தியாவுக்கு மட்டும் ஒரு சாண் வேண்டும், இல்லாவிட்டால் தலை நுழையாது... இதுவும் ஒரு சாண். சின்னவளின் போன தீபாவளிக் கவுனுக்கு? அதற்கு முன்னால் பிறந்தநாளுக்குத் தைத்தது? யாரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை, கத்தரிக்கோல் பாட்டுக்குச் சின்னவள் தலைக்குத் தக்கபடி வெட்டிக்கொண்டே வந்திருக்கிறது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மரத்துக்கு அந்தப் பக்கம் இவள் போக வேண்டிய பஸ் நின்றது, இந்தப் பக்கச் சாலை சின்னவள் இருக்கிற வீட்டுக்குப் போகிறது.